கேப்டன் விழுந்த பிறகு பதினான்கு நொடி

அண்ணாதுரை பாறையிலிருந்து விழுந்தபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நின்றவள் ஜெயகுமாரி. 1985 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. குப்பத்துக்கு அருகே, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி.

அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று பிறகு போலீஸ்காரர் கேட்டார், ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டெண்ட் கேட்டார், அண்ணாதுரையின் அம்மாவும் கேட்டாள். பதில் ஒன்றுதான். சொல்லச் சொல்ல அது ஜெயகுமாரிக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பதி தியேட்டர் ஒன்றில் ‘கெப்ளர்’ படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. கெப்ளர் என்பது கிரகம் கிரகமாகப் போகும் ஒரு விண்கப்பல். அதன் தலைவன் கேப்டன் ரோவன். இரண்டாம் பாகத்தின் முடிவில், கப்பலின் எடையைக் குறைத்து மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக, ரோவன் ஒரு செத்த நிலவில் தனியாக இறங்கிக்கொள்கிறான். கப்பல் கிளம்பிப் போகிறது. அவன் கையசைக்கிறான். உடனே தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஜெயகுமாரியால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வயது இருபத்தொன்பது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோனது. படங்கள் பார்க்கிறவள்தான், ஆனால் எந்தப் படமும் அவளை இப்படி நாற்காலியில் ஆணி அடித்து உட்கார வைத்ததில்லை. அடுத்த வாரமும் பஸ் ஏறிப் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். நாலாவது முறை போனபோது, முன்வரிசையில் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான பையனை அடையாளம் கண்டுகொண்டாள். அவன்தான் அண்ணாதுரை. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன், வயது இருபத்துநாலு. இருவரையும் மேலே கேபினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் ஆபரேட்டர் வரதராஜன். நாற்பது வயது, தனிக்கட்டை. படம் முடிந்ததும் இறங்கி வந்து, “நானும் அறுபது தடவ பாத்துட்டேன். அந்த ஆள அங்கியே வுட்டுட்டு எப்பிடி வூட்டுக்குப் போறது?” என்றார்.

அப்படித்தான் மூவரும் சேர்ந்தார்கள்.

மூன்றாம் பாகம் வரும் என்று காத்திருந்தார்கள். ரோவனாக நடித்தவருக்கும் கம்பெனிக்கும் ஒத்துவரவில்லை, இனிமேல் கதை வேறு ஆட்களோடு போகும் என்று ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. ஜெயகுமாரி அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினாள். ரோவன் என்ன ஆனான் என்று கேட்டாள். அவனை மீட்கும் கதையை நாங்களே சின்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாள். ஐந்து மாதம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே புதுக் கதாநாயகனின் வழவழப்பான போட்டோ ஒன்று. வேறொன்றும் இல்லை.

“வேணான்னு சொல்லலியே,” என்றான் அண்ணாதுரை.

எப்போதோ ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன 16 எம்.எம். கேமரா ஆஸ்பத்திரி அலமாரியில் கிடந்தது. சாவி முறுக்கினால் இருபத்தெட்டு நொடி ஓடும். அதற்கு மேல் ஓடாது. மெட்ராஸ் லேப் ஒன்றில் மிஞ்சிய துண்டு பிலிம்களை வரதராஜன் கொண்டுவந்தார். கழுவுவதற்கு ஜெயகுமாரியின் இருட்டறை இருந்தது. எக்ஸ்ரே பிலிமைத் தொங்கவிடும் தொட்டியில், மரச்சட்டத்தில் சுற்றிய சினிமா பிலிமை இறக்கினாள்.

நெகட்டிவை அப்படியே ஓட்டலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். எலும்பு வெள்ளையாகவும் வெளி கருப்பாகவும் தெரிவதை நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை. பட்டப்பகலில் எடுத்தால் போதும். வெளுத்த வானம் நெகட்டிவில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். விண்வெளி தயார். ஆனால் கேப்டனின் வெள்ளை உடுப்பு வெள்ளையாகத் தெரிய, நிஜத்தில் அது கருப்பாக இருக்க வேண்டும். அண்ணாதுரை முரட்டுத் துணியில் கருஞ்சாயம் ஏற்றி உடுப்பு தைத்தான். மண்பானை மேல் காகிதம் ஒட்டி, காய்ந்ததும் பானையை உள்ளேயே உடைத்தெடுத்து ஹெல்மெட் செய்தான். முகக் கண்ணாடிக்கு, படம் கழுவிப்போன பழைய எக்ஸ்ரே பிலிம். அந்த வெயிலில் அந்தக் கருப்பு உடுப்புக்குள் அவன் வெந்துபோவான். கழற்றிப் பிழிந்தால் வேர்வை சொட்டும். ஆனாலும் ஒரு ஞாயிறும் அவன் வராமல் இருந்ததில்லை.

ஆறு நிமிஷம் எடுத்து முடித்திருந்தார்கள். அன்றைக்கு எடுக்க வேண்டியது, பள்ளத்தில் கிடக்கும் உடைந்த கப்பலைத் தேடி ரோவன் கயிற்றில் இறங்கும் காட்சி.

பத்தடி உயரத் தட்டிலிருந்து அண்ணாதுரை ஒருமுறை சரியாக இறங்கினான். ஜெயகுமாரிக்குத் திருப்தி இல்லை. கேமராவில் பார்க்க அது மாடிப்படி இறங்குவதுபோல் இருந்தது.

“அண்ணாதுரை, அந்த மேல் தட்டுலேர்ந்து வந்தா நல்லா இருக்கும்.”

அவன் அண்ணாந்து பார்த்தான். இருபத்தைந்து அடிக்குக் குறையாது. “அங்கிருந்தா?”

“முடியும்னா சொல்லு.”

“நீ சொன்னா முடியும்க்கா,” என்று சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். கயிற்றைக் கட்ட வரதராஜனும் கூடப் போனார். ஜெயகுமாரி சாவியை முழுதாக முறுக்கினாள்.

வெட்டியெடுத்த கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். நைலான் கயிறு அதில் உரசியது. அவன் பாதிகூட இறங்கவில்லை.

அடுத்து ஜெயகுமாரிக்கு நினைவிருப்பது, அவன் பக்கத்தில் முட்டிபோட்டு ஹெல்மெட்டைக் கழற்றியது. மேலே நின்ற வரதராஜன் சுற்றுப் பாதையில் ஓடி வருவதற்கு நாலைந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் குவாரி வாட்ச்மேன் முனிசாமி தன் கொட்டகையிலிருந்து வந்துவிட்டார். “அய்யோ, ஏமைந்தி, ஏமைந்தி,” என்று, என்ன ஆயிற்று எனத் தெலுங்கில் கத்திக்கொண்டு அவனைத் தூக்கப்போனார்.

“தொடாதீங்க!” என்று அவள் கத்தினாள். “முதுகு வளையக் கூடாது. பலகை வேணும். கதவு இருந்தா கழட்டுங்க.”

முனிசாமி தன் கொட்டகைக் கதவையே கழற்றிக்கொண்டு வந்தார். மூவரும் அவனை மரக்கட்டைபோல் ஒரே சீராக உருட்டிக் கதவின்மேல் ஏற்றினார்கள். ரோட்டில் சித்தூர் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தக்காளி லாரி நின்றது. கூடைகளை ஓரம் தள்ளி நடுவில் கதவை வைத்தார்கள்.

மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஜெயகுமாரி அவன் இடுப்பின் இரு பக்கமும் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பலமநேரி தாண்டியபோது அவன் கண்ணைத் திறந்தான்.

“அக்கா, என் காலு கீதா?”

“இருக்கு.”

“பாத்துச் சொல்லு. பூட்ஸ் மாட்டிக்கினு கீதா?”

அவள் பூட்ஸைக் கழற்றிப் பாதத்தை அழுத்தினாள். நகத்தால் கிள்ளினாள். பிறகு இன்னும் பலமாகக் கிள்ளினாள்.

“இன்னாக்கா, பாக்கிறியா இல்லியா?”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்,” என்றாள். கிள்ளிய இடத்தில் ரத்தம் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையில் எக்ஸ்ரே எடுக்க வேறு ஆளில்லை. அவளே எடுத்தாள். இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு விளக்கின் கீழ் பிலிமைத் தொட்டியில் இறக்கினாள். ஜெபம் செய்யப் பார்த்தாள். ‘கர்த்தாவே’ என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பிலிமைத் தூக்கியபோது தண்ணீர் வடிய வடிய முதுகெலும்பு தெரிந்தது. விலா எலும்பு முடிகிற இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகளில் ஒன்று நசுங்கிப் பின்னால் தள்ளியிருந்தது. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், அவன் அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால், அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பதினோரு வருஷத்தில் அப்படி எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறாள். எழுந்து நடந்தவன் ஒருவனும் இல்லை.

அன்று மாலையே அவனை வேலூருக்கு அனுப்பினார்கள்.

அவன் அம்மா கங்கம்மாள் மறுநாள் நகரியிலிருந்து வேலூர் வந்து சேர்ந்தாள். தறியில் புருஷனையும், மஞ்சள்காமாலையில் மூத்த மகனையும் பறிகொடுத்தவள். வார்டு வராந்தாவில் ஜெயகுமாரியைப் பார்த்ததும் அழவில்லை.

“நீதானா அந்த எக்ஸ்ரே பொண்ணு? எம்புள்ள வாயத் தொறந்தா அக்கா அக்கான்னுவான்.”

“ஆமாம்மா.”

“இன்னா படம் அது? எந்தக் கொட்டாயில ஓடப்போவுது?”

“எந்தக் கொட்டாயிலயும் இல்லம்மா. நாங்களே எடுத்து, நாங்களே பாக்கறதுக்கு.”

கங்கம்மாளுக்குப் புரியவில்லை. புரியவைக்க ஜெயகுமாரியாலும் முடியவில்லை. “விழுந்தப்போ நீ கிட்ட இருந்தியா?” என்று கேட்டாள்.

“கீழ இருந்தேம்மா. விழுந்த உடனே ஓடிட்டேன். நான்தான் முதல்ல போனேன்.”

“அந்தமட்டும் புண்ணியம்,” என்றாள் கங்கம்மாள்.

போலீஸ்காரரிடமும் ஜெயகுமாரி அதையேதான் சொன்னாள். படம் எடுத்த கதை வேண்டாம் என்று, எழுத்தில் மட்டும் கல்குவாரியைச் சுற்றிப் பார்க்கப் போனதாகவும் கால் தவறியதாகவும் வரதராஜன் எழுதிக்கொடுத்தார். ஆனால் ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது? கல்யாணமாகாத பெண், இரண்டு ஆண்கள், ஆளில்லாத குவாரி, சபைக்குப் போகாத ஞாயிறு. நான்காம் நாள் சூப்பரின்டெண்டெண்ட் கூப்பிட்டார். மிஷன் கேமராவை எடுத்ததும் இருட்டறையைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதும் தவறு என்றார். அது உண்மைதான். வேலையை விட்டு நின்று, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருட்டறைச் சாவியை ஒப்படைத்துவிடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வேலூர் போனாள். அண்ணாதுரை குப்புறப் படுத்திருந்தான். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார்கள்.

“அக்கா, டாக்டருங்க மலையாளத்துல ஒண்ணு பேசிக்கிறாங்க, இங்கிலீஷ்ல ஒண்ணு பேசிக்கிறாங்க. நீ தமிழ்ல சொல்லு. நான் நடப்பனா?”

அவள் குனிந்து அவன் தலையணை உறையை நீவிவிட்டாள்.

“சரி,” என்றான். பிறகு, “அந்த பிலிம் கழுவிட்டியா?”

“அத எதுக்குக் கேக்கற?”

“எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஏறுனது தெரியும். அப்பறம் தக்காளி வாசனதான் தெரியும். நடுவுல இன்னா ஆச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நைனா செத்தப்பவும் இப்பிடித்தான், தறி மேல வுழுந்துச்சின்னாங்க, மயக்கம்னாங்க, இன்னிவரைக்கும் தெரியாது. இதுவாவது எனக்குத் தெரியணும். நான்தான வுழுந்தேன்? நான் பாக்கணும்.”

சனிக்கிழமை மத்தியானம், சாவியைக் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கேமராவிலிருந்து எடுத்து டப்பாவில் வைத்திருந்த சுருளை மரச்சட்டத்தில் சுற்றினாள். அது இரண்டு முறை அவிழ்ந்தது. கழுவி, படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ கரைசலில் முக்கி, ஈரத்தோடு விளக்குப் பெட்டியின் மேல் விரித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள்.

கருப்பு வானம். நீண்ட பாறை. வெள்ளை உடுப்பில் கேப்டன். கயிறு அறுவது தெரிந்தது. அவன் கையை விரிப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு பாறையும் வானமும் மட்டும் இருக்கும், கேமரா தானாக ஓடி நின்றிருக்கும், தான்தான் ஓடிவிட்டோமே என்று நினைத்திருந்தாள்.

அப்படி இல்லை. கேமரா அவனோடு கூடவே கீழே இறங்கியது. சீராக, ஒரு நடுக்கமும் இல்லாமல், அவனைப் படச்சட்டத்தின் நடுவில் வைத்தபடியே இறங்கியது. அவன் தரையில் மோதினான். அங்கேயே நின்றது. கிடக்கிற அவனைப் பார்த்துக்கொண்டே நின்றது. அவன் ஒரு கை மெல்ல எழும்பி விழுந்தது. அப்போதும் நின்றது. சாவி தீரும்வரை நின்றது.

தானாகத் திரும்பும் கேமரா உலகத்தில் இல்லை. முக்காலியின் கைப்பிடியைத் திருப்பியது அவள் கைதான்.

கட்டங்களை எண்ணினாள். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு. அவன் விழுந்து கிடந்ததிலிருந்து பதினான்கு நொடி.

இருட்டறைத் தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பதினான்கு நொடியில் ஒன்றும் மாறியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். எலும்பு விழுந்தபோதே நொறுங்கிவிட்டது. எந்த டாக்டரும் அதைச் சொல்வார். ஆனால் அவன் கை தூக்கியிருக்கிறான். யாரையோ கூப்பிட்டிருக்கிறான். அவளுக்கு நினைவே இல்லாத அந்த நேரத்தில் அவள் யாராக இருந்தாள்? பிலிமைக் கழுவாமலே இருந்திருக்கலாம், வெளிச்சத்தில் பிரித்துப் போட்டிருக்கலாம், ஒரு தீக்குச்சி போதும் என்றெல்லாம் தோன்றியது. கத்தரியைக்கூட எடுத்தாள். பதினான்கு நொடியை மட்டும் வெட்டினால் அவனுக்குத் தெரியப்போவதில்லை.

வெளியே கதவைத் தட்டினார்கள். கத்தரியை வைத்துவிட்டு, சுருளைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறினாள்.

பிறகு மூன்று மாதம். ஜெயகுமாரியின் அம்மா மேரி அவளோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். திருச்சானூர் ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே வேலை கிடைத்து திருப்பதிக்கு மாறினாள். சுருள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கை எழும்பும். பஸ்ஸில் கண்ணை மூடினால் எழும்பும். வரதராஜனிடம் சொன்னபோது அவர், “நீ வேணும்னு செய்யல ஜெயா. கொளுத்திடு. அவன்கிட்ட, வெளிச்சம் பட்டுப் பாழாப்போச்சின்னு சொல்லிக்கலாம்,” என்றார்.

“அமெரிக்காக்காரன் ரோவன வுட்டுட்டுப் போனான்னு நாம மூணு பேரும் எவ்வளவு பேசினோம்,” என்றாள் அவள்.

மே மாதம் அண்ணாதுரை நகரிக்குத் திரும்பினான். சக்கர நாற்காலியோடு அனுப்பியிருந்தார்கள். தறி ஓட்ட முடியாது. உட்கார்ந்தபடி தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தான். படத்தைக் கொண்டுவரும்படி அவன் சொல்லியனுப்பினான், ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை ஜெயகுமாரியும் வரதராஜனும் ஒரு வாடகைப் புரொஜெக்டரோடு போனார்கள். ஜன்னலைச் சாக்கால் மறைத்து, சுவரில் ஒரு வேட்டியைக் கட்டினார்கள்.

ஓட்டுவதற்கு முன்னால் ஜெயகுமாரி அவன் எதிரே வந்து நின்றாள். “அண்ணாதுரை, நான் உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். பாத்தா தெரியும்.”

படம் ஓடியது. கேப்டன் விழுந்தான். பதினான்கு நொடி ஓடி முடிந்து, வேட்டியில் வெறும் வெளிச்சம் வந்தது.

“இன்னொரு வாட்டி போடுண்ணா,” என்றான் அண்ணாதுரை.

இரண்டாம் முறை ஓடும்போது கங்கம்மாள் சோற்றுத் தட்டோடு உள்ளே வந்தாள். வேட்டியைப் பார்த்து நின்றாள். கருத்த வானத்தில் முகமில்லாத ஒரு வெள்ளை உருவம் விழுந்து கிடந்தது.

“யாரு அது? உங்க ஏசு சாமியா?”

ஜெயகுமாரிதான் சொன்னாள். “உங்க பிள்ளைம்மா. அன்னிக்கு எடுத்தது.”

கங்கம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். கேப்டனின் கை மெல்ல எழும்பி விழுந்தது. கங்கம்மாள் வேட்டியருகே போய் அந்தக் கை இருந்த இடத்தைத் தொட்டாள். படம் அவள் முதுகின்மேல் ஓடியது.

“நீ எங்க கீற இதுல?”

“நான் இதுல இல்லம்மா. இத எடுத்தது நான். உடனே ஓடினேன்னு உங்ககிட்ட சொன்னேன். ஓடல.”

கங்கம்மாள் திரும்பினாள். அவள் குரல் உயரவே இல்லை. “படத்தப் புடிச்ச. எம்புள்ளையப் புடிக்கல.”

ஜெயகுமாரி தலை குனிந்து நின்றாள். அந்த வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடவும் உரிமையில்லை என்று தோன்றியது. வரதராஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாதுரை கையமர்த்தினான்.

“நீ போம்மா வெளிய,” என்று அம்மாவை அனுப்பினான். பிறகு ஜெயகுமாரியைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. “கூப்ட்டேன் போல கீது. கைய தூக்கி.”

“ஆமா.”

“ஏன் வரல?”

“தெரியல. சத்தியமா தெரியல அண்ணாதுரை. நான் அங்க இல்லாத மாதிரி இருந்திச்சு. படம்தான் ஓடுதுன்னு…”

அவன் தார்க்குச்சி ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான். அழுகிறானா, ஆத்திரப்படுகிறானா என்று தெரியவில்லை. கடைசியில், “இந்தப் படம் இப்பிடியே நிக்கக் கூடாது,” என்றான். “ரோவன் வுழுந்தான். கூப்ட்டான். யாராவது வரணும். நீ அந்த உடுப்பப் போட்டுக்கினு ஓடி வா. அத எடுக்கலாம்.”

“என்னால முடியாது.”

“என்னால மட்டும் முடியுமா, மறுபடியும் அங்க படுக்கறதுக்கு? படுக்கறேன்.”

குவாரிக்குப் போக வழியில்லை. காளஹஸ்திக்கு அருகே வறண்டு கிடந்த சுவர்ணமுகி ஆற்றில், பாறை துருத்திய ஓர் இடத்தை வரதராஜன் பார்த்து வைத்தார். ஒரு ஞாயிறு காலை வேனில் போனார்கள். கங்கம்மாளும் வந்தாள். மகனைத் தனியாக அனுப்ப அவள் தயாராக இல்லை. கேமராவை மெட்ராஸிலிருந்து ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதை இந்தமுறை வரதராஜன் பார்த்துக்கொண்டார்.

அண்ணாதுரையைப் பழைய உடுப்போடும் ஹெல்மெட்டோடும் மணலில் கிடத்தினார்கள். ஜெயகுமாரிக்கு அவன் புதிதாக ஓர் உடுப்பு தைத்திருந்தான். அளவு எடுக்காமலே சரியாக இருந்தது. நூறு கஜம் தள்ளி நின்றாள். அவன் கையைத் தூக்கினான்.

அவள் ஓடினாள். மணல் காலை வாங்கியது. ஹெல்மெட்டுக்குள் மூச்சு முட்டியது. அவன் பக்கத்தில் போய் முட்டிபோட்டாள்.

“வேகமே இல்ல. போ, மறுபடி வா,” என்றான்.

மறுபடி ஓடினாள். மூன்றாவது முறை விழுந்து எழுந்து ஓடினாள். நான்காவது முறை ஓடும்போது வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினாள். ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாவது முறை போய் அவன்மேல் கவிழ்ந்து, “வந்துட்டேன், வந்துட்டேன்டா தம்பி,” என்று கத்தினாள். படத்தில் குரல் இல்லை. அவனுக்குக் கேட்டது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு,” என்றான். “முட்டி போடறப்போ கேமராவுக்கு வெளிய போயிட்ட போல கீது.”

எழுந்து நிற்பதற்காக அவள் மணலில் கையை ஊன்றினாள். கை சுட்டது. அவ்வளவு நேரம் கையுறை போட்டிருந்தவள், அழுத கண்ணைத் துடைக்க ஹெல்மெட்டோடு அதையும் கழற்றியிருந்தாள். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மணல் அடுப்புமேல் வைத்த வாணலிபோல் கொதித்தது. அதில் அவன் முக்கால் மணி நேரமாகக் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே அவனுக்குச் சூடும் தெரியாது, வலியும் தெரியாது.

“போதும்,” என்றாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு. சரியா வரல.”

“வராட்டி போவுது. வரதண்ணா, கேமராவ வுட்டுட்டு வாங்க! தூக்கணும்!”

“அக்கா! இது என் படம்!” அண்ணாதுரை கத்தினான். கையால் மணலை அடித்தான். “நீ யாரு நிறுத்தறதுக்கு?”

அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்து நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். அவன் அவள் தோளில் குத்தினான், திட்டினான். கங்கம்மாள் ஓடிவந்து கால்களைப் பிடித்துக்கொண்டாள். வேனின் நிழலில் கிடத்தி உடுப்பை அவிழ்த்தார்கள். இடுப்பிலும் தொடையின் பின்புறமும் தோல் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. ஓர் இடத்தில் கொப்புளம் கிளம்பியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் கிடந்திருந்தால் புண்ணாகி, அந்தப் புண் ஆற மாதக்கணக்கு ஆகியிருக்கும். ஆறாமலும் போயிருக்கலாம்.

ஜெயகுமாரி தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துத் துணியை நனைத்து அவன் இடுப்பின்மேல் போட்டாள். எடுத்தாள், நனைத்தாள், மறுபடி போட்டாள். அண்ணாதுரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தேம்பினான். என்ன செய்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை, “இன்னா கீது அங்க? சொல்லுங்களேன்,” என்று கேட்டபடியே இருந்தான். அவள் ஒளிக்காமல் சொன்னாள். எந்த இடத்தில், எவ்வளவு அகலம், கொப்புளம் எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மெல்ல அடங்கினான்.

கங்கம்மாள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயகுமாரி இன்னும் அந்தக் கருப்பு உடுப்பிலேயே இருந்தாள். முகமெல்லாம் வேர்வையும் மணலும்.

“அதக் கழட்டு மொதல்ல. நீயும் வெந்து சாவாத,” என்றாள் கங்கம்மாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆனால் ஜெயகுமாரி ஞாயிற்றுக்கிழமைகளில் நகரிக்கு வருவதையும், மகனைப் புரட்டிப்போட்டு முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதையும் அவள் தடுக்கவில்லை.

படத்தை ஜெயகுமாரி கிளினிக் டாக்டரின் அனுமதி கேட்டு அங்கேயே கழுவினாள். மொத்தம் ஏழரை நிமிஷம் வந்தது. ஐந்தாவது ஓட்டத்தைத்தான் சேர்த்தார்கள். அண்ணாதுரை சொன்னது சரிதான், அவள் முட்டிபோடும்போது பாதி உடம்பு படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வெட்டி ஒட்டியவன் அண்ணாதுரைதான். நகரி வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் சுருளைப் பிடித்துப் பார்த்து, அந்தப் பதினான்கு நொடியில் ஒரு கட்டத்தைக்கூடக் குறைக்காமல் விட்டான்.

ஆடி மாதம் ஒரு பகலில், ஜன்னல்களைச் சாக்கால் மறைத்த தறிக்கொட்டகையில் நெய்து முடித்த வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி ஓட்டினார்கள். பார்த்தவர்கள் நெசவாளர்கள் பதினைந்து பேர். அவர்களில் யாரும் கெப்ளர் படத்தைப் பார்த்ததில்லை. ரோவன் யாரென்றும் தெரியாது. கேப்டன் விழுந்தான். அவன் கை தூக்கியபோது பின்னாலிருந்து ஓர் ஆள், “அட, யாராச்சும் போங்கய்யா!” என்று கத்தினார்.

அண்ணாதுரை திரும்பி ஜெயகுமாரியைப் பார்த்தான். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பு வானத்தின் ஓரத்திலிருந்து இன்னொரு வெள்ளை உருவம் தடுமாறித் தடுமாறி ஓடிவந்துகொண்டிருந்தது.